அகலக்கோணமும் அண்மையும்

ஜமுனாமரத்தூருக்குச் சென்று திரும்புபவர்கள் காட்டும் புகைப்படங்களில் ஓர் ஒற்றுமையைக் கவனித்திருக்கிறேன். படத்தின் கீழ்ப்பாதியில் தார்ச்சாலை அல்லது வெற்றுமண். மேற்பாதியில் வெளிறிய வானம். இரண்டுக்கும் நடுவே பென்சிலால் இழுத்த கோடுபோல ஜவ்வாது மலை. போளூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அவர்களைத் திகைக்கவைத்த மலை அதுதான் என்று அவர்களே சொன்னால்தான் நமக்குத் தெரியும். இப்படங்களில் பலவும் நிறையச் செலவிட்டு வாங்கிய மிகை அகலக்கோண ஜூம் லென்ஸ்களால் எடுக்கப்பட்டவை. மலை பெரியது, ஆகவே அதை அடக்க அகலமான லென்ஸ் வேண்டும் என்ற எளிய தர்க்கத்தின்பேரில் அந்த லென்ஸ்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இந்தத் தர்க்கத்தை நான் மறுக்கிறேன். மிகை அகலக்கோணம் தொலைவிலிருப்பதை அள்ளிக்கொள்வதற்கான கருவி அன்று. மிக அருகே நிற்பதற்கான கருவி அது. இதை ஒப்புக்கொண்டால், எந்த லென்ஸ் வாங்குவது என்ற கேள்வியே வேறொன்றாக மாறிவிடும். எத்தனை பாகை தெரியும் என்பது இரண்டாம் கேள்வியாகி, எதன் அருகே போய் நிற்கப்போகிறோம், நிற்க நமக்கு என்ன உரிமை என்பது முதல் கேள்வியாகும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலோர் கையிலிருக்கும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்களின் உணரி ஏ.பி.எஸ்-சி அளவினது, அதன் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ. மூன்று கிலோமீட்டர் தொலைவில், நாம் நிற்கும் தளத்திலிருந்து 300 மீட்டர் எழுந்து நிற்கும் ஒரு முகட்டைப் படமெடுப்பதாகக் கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் அந்த முகட்டின் பிம்பம் 5 மி.மீ. உயரம் இருக்கும், படத்தில் மூன்றில் ஒரு பங்கு. காமிராவோடு வரும் சாதாரண ஜூமின் 18 மி.மீ. முனையில் அது எட்டில் ஒரு பங்காகும். 10 மி.மீ.யில் பதினைந்தில் ஒரு பங்கு. நாம் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் முழுவதையும் சாலையும் வானமும் எடுத்துக்கொண்டுவிட்டன. நம் கண் மலையை எப்படிப் பார்த்ததோ அதற்கு நெருக்கமான படத்தைத் தந்திருக்கக்கூடியது, வீட்டில் விட்டுவந்த பழைய 50 மி.மீ. லென்ஸ்.

இதே கணக்கு அண்மையில் தலைகீழாகிறது. இந்த வகை லென்ஸ்கள் பெரும்பாலும் 22 முதல் 30 செ.மீ. வரையிலான நெருக்கத்தில் குவியக்கூடியவை. அந்தத் தொலைவில் ஒரு சாமைக் கதிரை வைத்து, அதற்குப் பின்னால் மூன்று மீட்டரில் அதே அளவுள்ள இன்னொரு கதிர் இருந்தால், முன்னது பின்னதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். இதற்குக் காரணம் லென்ஸ் அன்று, நாம் நிற்கும் இடம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு லென்ஸை மட்டும் மாற்றினால் பொருள்களுக்கிடையிலான அளவு விகிதம் அணுவளவும் மாறாது. சட்டகத்தின் ஓரம்தான் விரியும் அல்லது சுருங்கும். அகலக்கோணம் செய்வதெல்லாம், அத்தனை அருகே போன பின்னும் சுற்றுப்புறத்தைச் சட்டகத்துக்குள் தக்கவைத்துக்கொள்ள நம்மை அனுமதிப்பதுதான். கதிரின் ஒவ்வொரு மணியும், அது விளைந்த சரிவும், சரிவுக்கு மேலிருக்கும் முகடும் ஒரே படத்தில் உறவு கொள்கின்றன. 1941-இல் வெளிவந்த சிட்டிசன் கேனில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அகலக்கோண லென்ஸ்களைக் கொண்டு செய்துகாட்டியதும் இதைத்தான். முன்னால் இருப்பவர் பேருருவாக, பின்னால் இருப்பவர் சிற்றுருவாக, இருவரும் தெளிவாக. இடைவெளியே அங்கே கதை சொல்கிறது.

*

இவ்வகை லென்ஸ்கள் ஏன் இத்தனை பருமனாகவும் விலை கூடுதலாகவும் இருக்கின்றன என்பதற்குச் சிறு வரலாறு உண்டு. 1900-இல் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனம் ஹைப்பர்கான் என்ற லென்ஸை உருவாக்கியது. இரண்டே கண்ணாடிகள், ஏறத்தாழ 140 பாகைப் பார்வை. ஆனால் ஓரங்களுக்குப் போய்ச்சேரும் ஒளி நடுப்பகுதியோடு ஒப்பிட மிகச் சொற்பம். அதைச் சமன்செய்ய லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவச் சிறு விசிறி ஒன்றை வைத்து, ரப்பர் குமிழை அழுத்திக் காற்றால் அதைச் சுழற்றினார்கள். நடுவில் விழும் ஒளியைச் சிறிது நேரம் மறைத்து, ஓரங்களுக்கு அவகாசம் கொடுக்கும் ஏற்பாடு.

எஸ்.எல்.ஆர். வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் இடையே கண்ணாடி ஒன்று மேலெழுந்து தாழ இடம் வேண்டும். நிக்கானில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து உணரிவரை 46.5 மி.மீ.; கேனனில் 44 மி.மீ. வெறும் 10 மி.மீ. குவியத்தூரம் கொண்ட லென்ஸை அவ்வளவு தள்ளி நிறுத்தி வேலை வாங்க வேண்டுமென்றால், தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்ததுபோன்ற அமைப்பு தேவை. பிரான்சின் ஆன்ஷெனியூ நிறுவனம் 1950-இல் தன் 35 மி.மீ. லென்ஸில் அந்த அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றுவரை எஸ்.எல்.ஆர். அகலக்கோண லென்ஸ்களின் முன்கண்ணாடி பெரிதாகப் புடைத்து நிற்பதற்குக் காரணம் அதுவே. கண்ணாடியைக் களைந்த புதிய காமிராக்களில் இந்த இடைவெளி நிக்கானில் 16 மி.மீ., கேனனில் 20 மி.மீ. என்று குறைந்துவிட்டது. அகலக்கோணத்துக்கு அது பெரிய விடுதலை. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பின் புதிய எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்று எஸ்.எல்.ஆருக்கு லென்ஸ் தேடுபவர் பெரும்பாலும் பழைய லென்ஸ் சந்தையில்தான் தேடுவார். இதில் வருந்த ஒன்றுமில்லை. நல்ல லென்ஸ் காமிராவைவிட நெடுங்காலம் வாழும்.

அந்தச் சந்தையில் கிடைப்பவற்றை இரண்டு குணங்களால் பிரிக்கலாம். முதலாவது அகலமும் எடையும், இரண்டாவது ஒளி. கேனனின் 10-22 (2004), சிக்மாவின் 10-20 (2005), கேனனின் 10-18 (2014), நிக்கானின் 10-20 (2017) ஆகியவை முதல் அணி. கேனன் 10-18 வெறும் 240 கிராம், நிக்கான் 10-20 இன்னும் சற்றுக் குறைவு. இரண்டிலும் கை நடுக்கத்தைத் தணிக்கும் ஏற்பாடு உண்டு. நாள் முழுக்க மலையில் நடப்பவருக்கு இந்த எடைக்குறைவு சிறிய விஷயமல்ல. இரண்டாம் அணியில் முக்கியமானது 2008-இல் வந்த டோக்கினா 11-16. அரைக் கிலோவுக்கு மேல் எடை. ஜூம் வீச்சு மிகக் குறுகியது. ஆனால் முழு வீச்சிலும் எஃப் 2.8 ஒளித்துளை. இவற்றுக்கு அப்பால் 121 பாகை காட்டும் சிக்மா 8-16, முழு உணரிக் காமிராக்களுக்கான நிக்கான் 14-24 போன்றவை இருக்கின்றன. அவற்றின் முன்கண்ணாடி வெளியே புடைத்திருப்பதால் வழக்கமான வடிகட்டியைத் திருகிப் பொருத்த முடியாது. மலைச் சாரலிலும் செம்மண் புழுதியிலும் கண்ணாடியைக் காக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது.

வாங்குமுன் தன் காமிரா எதை ஏற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். டோக்கினா 11-16-இன் முதல் வடிவில் குவிக்கும் மோட்டார் இல்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளின் உடலிலும் மோட்டார் இல்லை. அங்கே கையால்தான் குவிக்க வேண்டும். அகலக்கோணத்தில் அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் நிக்கானின் புதிய 10-20-ஐ டி90 போன்ற பழைய உடலில் பொருத்தினால், கையாலும் குவிக்க இயலாது. விற்பவர் இதையெல்லாம் சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கக் கூடாது.

*

இந்த இரண்டு அணிகளில் எதைத் தேர்வது என்பதை ஜவ்வாது மலையே சொல்லிக்கொடுக்கும். மலையின் மறுபுறம், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது காவலூர். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய அங்குள்ள வானாய்வகம் பின்னர் வைணு பாப்பு பெயரைப் பெற்றது. 1986-இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பலரும் அறிவர். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது, புகழ் குறைந்த 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி. ஹாம்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் 1930 வாக்கில் வடிவமைத்த வகை அது. கோளக் கண்ணாடிக்கு முன்னால் மெல்லிய திருத்துக் கண்ணாடி ஒன்றை வைத்து, வானத்தின் பெரும் பரப்பை ஓரம்வரை தெளிவாகப் பதிவுசெய்யும் ஏற்பாடு. வானியலின் அகலக்கோண லென்ஸ் என்று சொல்லலாம். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அதைக் கொண்டு ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன்.

பெரிய தொலைநோக்கி இருக்க, சிறியது ஏன் அதைக் கண்டது? ஆழமாகப் பார்ப்பதற்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே என்று தெரியாத ஒன்றைத் தேடுபவனுக்குத்தான் அகலம் தேவை. தொலைவிலிருப்பதை அகலத்தால் பார்ப்பதை நான் நியாயப்படுத்தும் ஒரே இடம் இரவு வானம். அங்கே அருகே போக வழியில்லை; பொருளே 180 பாகை விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சரேகையிலிருக்கும் இம்மலையிலிருந்து பார்க்க, மார்ச் முதல் மே வரையிலான பின்னிரவுகளில் பால்வெளியின் மையப்பகுதி தெற்கே ஏறக்குறைய பாதி வானம்வரை ஏறி நிற்கும்.

அந்தப் படத்துக்கு டோக்கினாவின் எஃப் 2.8 வேண்டும். விண்மீன்கள் கோடாக இழுபடாமலிருக்க, 11 மி.மீ.யில் சுமார் 30 வினாடிகளுக்கு மேல் திறந்துவைக்க முடியாது. அதே 30 வினாடியில் எஃப் 4.5 லென்ஸைவிட எஃப் 2.8 இரண்டரை மடங்கு ஒளியை வாங்குகிறது. நடுக்கம் தணிக்கும் ஏற்பாடு முக்காலியின் மேல் பயனற்றது. ஆகவே இரவுக்காகப் போகிறவர் எடையைச் சுமக்கட்டும். பகலுக்காகப் போகிறவர் சுமக்க வேண்டியதில்லை. கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: இருள் இருப்பதால்தான் அந்த வானாய்வகம் அங்கே இருக்கிறது. அதன் அருகே காரின் முகப்பு விளக்கை எரியவிட்டு மரங்களுக்கு வெளிச்சமடித்து நட்சத்திரப் படம் எடுப்பது, கச்சேரி அரங்கில் சத்தமாகப் பேசிக்கொண்டே பாட்டைப் பதிவுசெய்வது போன்றது.

*

பகலில் இந்த லென்ஸ் எங்கே உண்மையாகப் பயன்படும்? ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கற்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெருங்கல் மூடியிட்ட ஈமச்சின்னங்கள். தமிழகத்தில் பல ஊர்களில் மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் அழைக்கிறார்கள். இத்தகைய அறை ஒன்றின் முன் மண்டியிட்டுப் பார்ப்பவருக்குப் பின்வாங்க இடமிருக்காது. அரை மீட்டர் தொலைவில் சுவர், தலைக்கு மேல் மூடுகல், எதிரே வெளிச்சத் துண்டு. இந்த இறுக்கத்தைக் காட்ட 10 மி.மீ. தேவை. காமிராவை மட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. சற்று அண்ணாந்தாலும் நிற்கும் கற்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும், மூவாயிரம் ஆண்டுகளாகச் சாயாதவை நம் கையில் சாய்ந்துவிடும்.

அதே மலையின் அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்து நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பதிப்பில் 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் வழியாக அறிமுகமானவை; பல்லவர் கால வட்டெழுத்தைத் தாங்கியவை. அவற்றின் முன் இந்த லென்ஸைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எழுத்துகளைப் படிக்க வேண்டிய இடத்தில் ஓரத்து எழுத்தை இழுத்து நீட்டும் கருவிக்கு வேலையில்லை. 50 மி.மீ. லென்ஸும், மாலையில் பக்கவாட்டில் விழும் வெயிலும் போதும். ஒரே நாளில் ஒருவர் காணக்கூடிய இரு வகைக் கற்கள், இரு வேறு லென்ஸ்களைக் கேட்கின்றன. அகலம் எப்போதும் கூடுதல் நன்மை என்று நினைப்பவர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியாக, மனிதர்கள். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் அகலக்கோண லென்ஸ் அதற்கு ஒரு விலை கேட்கிறது: உருண்டையானவற்றை ஓரத்தில் இழுத்துவிடும். 10 மி.மீ.யில் சட்டகத்தின் இடது அல்லது வலது விளிம்பில் வரும் தலை இயல்பைவிட ஒன்றரை மடங்கு அகன்று தெரியும். 18 மி.மீ.யில் இந்த இழுப்பு ஐந்தில் ஒரு பங்குதான். நடுவில் வைத்தால் வேறு கேடு. அவ்வளவு அருகில் போனால் மூக்கு முன்னே துருத்தி, காதுகள் பின்னே மறைந்துவிடும். நண்பர்கள் வேடிக்கைக்கு எடுத்துக்கொள்ளும் படத்தில் இது சிரிப்பு. முன்பின் அறியாத மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் முகத்தை, அவர் வீட்டு வாசலில் அரை மீட்டர் நெருங்கி இவ்வாறு எடுத்து வந்து 'மலை மக்களின் வாழ்க்கை' என்று தலைப்பிட்டு மாட்டும்போது, அது சிரிப்பல்ல.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்டு 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதுபோன்ற நாள்களில்தான் வெளியுலகின் காமிராக்கள் இந்த மலை வீடுகளுக்குள் நுழைகின்றன. சிறிய வீடு, பின்வாங்க இடமில்லை, ஆகவே அகலக்கோணம் என்பது தொழில்நுட்ப நியாயம். அந்த நியாயம் ஓரளவே செல்லும். இழவு வீட்டில் அழுகிறவரின் முகத்துக்குக் கைநீட்டும் தொலைவில் கண்ணாடியைக் கொண்டுபோகும் உரிமையை எந்தக் குவியத்தூரமும் தருவதில்லை. தொலைவிலிருந்து டெலிலென்ஸால் எடுப்பவர் ஒளிந்திருந்து திருடுகிறார், அகலக்கோணக்காரரோ நேரில் நிற்கிறார், எனவே இவரே நேர்மையானவர் என்ற வாதத்தைப் புகைப்படக்காரர்களிடையே கேட்டிருக்கிறேன். நேரில் நிற்பதால் மட்டும் நேர்மை வந்துவிடாது. அனுமதிக்கப்பட்ட அண்மையும் பறித்துக்கொண்ட அண்மையும் படத்தில் ஒன்றுபோலவே பதியக்கூடும். வித்தியாசம் தெரிவது எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் மட்டுமே.

மறுதரப்பில் சொல்ல ஒன்று உண்டு. சுற்றுப்புறத்தை வெட்டிவிட்டு, சுருக்கம் விழுந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் டெலிலென்ஸ் படங்கள் நம் பத்திரிகைகளில் ஏராளம். அவற்றில் முகம் இருக்கும், வாழ்க்கை இருக்காது. அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அடுப்பு எங்கே, கூரை எதனால் வேய்ந்தது, வாசலுக்கு வெளியே எவ்வளவு நிலம் என்பதெல்லாம் அகலக்கோணத்தில்தான் பதியும். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு 10 தேவையில்லை. 16 அல்லது 18-இல், ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்து, அவரைச் சட்டகத்தின் விளிம்புக்குத் தள்ளாமல் எடுக்கும் படம் இவ்வளவையும் சொல்லும். கேனன் 10-18-ஓ நிக்கான் 10-20-ஓ டோக்கினாவின் குறுகிய வீச்சைவிட இங்கே பொருத்தமாவது இதனால்தான். அவற்றின் அகன்ற முனை கற்திட்டைக்கு. குறுகிய முனை மனிதர்களுக்கு.

'அகல உழுவதை ஆழ உழு' என்பது நம் உழவர்களின் பழமொழி. லென்ஸ் வாங்கும் விஷயத்தில் நான் சொல்லக்கூடிய யோசனையும் அதையொட்டியதே. இரவு வானம் உங்கள் நோக்கமென்றால் டோக்கினாவின் பழைய பிரதி ஒன்றைத் தேடுங்கள். இல்லையென்றால், உங்கள் காமிரா ஏற்கும் மிக இலகுவான, மலிவான 10 மி.மீ. ஜூம் எதுவோ அதை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஜமுனாமரத்தூரில் இன்னும் மூன்று நாள் தங்கலாம். முதல் நாள் காமிராவை வெளியே எடுக்காமல் நடந்து பார்ப்பதும், சாமை விளையும் சரிவுக்குச் சொந்தக்காரரிடம் இது என்ன பருவம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அந்தச் செலவில் அடங்கும். இரண்டாம் நாள் அவரே கூப்பிட்டு உட்காரச் சொன்னால், எவ்வளவு தள்ளி உட்காரலாம் என்பது அவர் காட்டும் இடத்திலேயே தெரிந்துவிடும். குவியத்தூரத்தை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.